பொய்முயல்

படம் ஆரம்பிக்கும் முன்பே ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்புப் படமும் அல்ல. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது: இந்தப் படத்தில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தவர் பஞ்சர்க்காரர். பக்கத்திலிருந்த அவர் மனைவி தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"மானத்த வாங்காதீங்க. பேசாம பாருங்க."

"நான் எங்க பேசினேன்? சிரிச்சேன்."

"அதையும் செய்யாதீங்க."

வேட்டைநாய் வளர்க்கிறவர் என்றால் கேட்பவர் மனதில் ஒரு மீசையும் இரண்டு தோளும் எழும். பஞ்சர்க்காரருக்கு அந்த மூன்றுமே சரியாக அமையவில்லை. விலா எலும்பைச் சட்டைக்கு மேலிருந்தே எண்ணலாம். நாயையும் அவரையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே வயிற்றில் பிறந்தது போலிருக்கும். இதை முதலில் ஊருக்குச் சொன்னவரே அவர்தான். மற்றவர்கள் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலி கொஞ்சம் குறைச்சல் என்பது அவர் கணக்கு.

திரையில் ஊசி வந்தாள். அவர் வீட்டு நாய். மூக்கு அவ்வளவு கூர் என்பதால் தையல்காரியான மனைவி வைத்த பெயர். படத்தில் ஊசி தரையில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே போனாள். கதாநாயகன், "இவ மூக்குக்குத் தப்பின முயல் இந்த உலகத்துலயே இல்ல" என்று வசனம் பேசினான். அரங்கம் விசிலடித்தது. பஞ்சர்க்காரருக்கு எரிச்சல். அது கண்ணால் பார்த்து ஓடுகிற ஜாதி. அசைவதைத்தான் துரத்தும். மூக்கு வேலைக்கு வேறு ஜாதி, தொங்குகாதும் குட்டைக்காலுமாக. தரையில் கறிச்சாறு தடவி நக்க வைத்திருப்பார்கள். தையல் மெஷினை மேளம் என்று காட்டியதுபோல் இருந்தது அவருக்கு.

இடைவேளைக்கு முன்னால் அந்தத் துரத்தல் வந்தது. ஊசி மெதுவாக, காற்றில் நீந்துவதுபோல் ஓடினாள். வெயிலில் அவள் நிழல் வயிற்றுக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்தது. பிறகு கதாநாயகனின் கண்ணைக் காட்டினார்கள். மறுபடி ஊசி. இப்போது நிழல் பக்கவாட்டில் இறங்கி ஒரு நாய் நீளத்துக்கு வந்திருந்தது. பிறகு கதாநாயகனின் மீசை. மறுபடி ஊசி. நிழல் நாலு நாய் நீளத்துக்குப் புழுதியில் படுத்துக்கொண்டு கூடவே ஓடியது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று தட்டின. நாக்கின் ஓரம் நீலம்.

பார்த்தவர்களுக்கு அது ஒரே ஓட்டம். பஞ்சர்க்காரருக்கு அது உச்சிவெயிலிலிருந்து பொழுது சாய்கிறவரைக்கும்.

"ஒரே ஓட்டம்தான் மாமா. பாதியில சுருண்டு விழுந்துட்டா. பொறவியிலயே இதயம் வீக்காம்." படப்பிடிப்பு நடந்த அன்றைக்கு, வேனிலிருந்து ஊசியின் உடலை ஒரு பட்டுப் போர்வையில் சுற்றி இறக்கும்போது மச்சான் சொன்னது இதுதான். போர்வை ராஜா வேஷத்துக்குத் தைத்ததாம்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அக்கா கல்யாணமாகி வந்தபோது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கூட வந்தவன். பஞ்சர் ஒட்டுவதையும் நாய் பழக்குவதையும் அந்த வீட்டில்தான் படித்தான். இப்போது படக்கம்பெனியில் பிராணிகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. வீட்டில் அவனைச் சினிமா என்றே கூப்பிட்டார்கள், முதலில் பெருமையாக.

திரும்பி வரும்போது பஞ்சர்க்காரர் கேட்டார்: "நிழலப் பாத்தியா?"

"எந்த நிழல?"

"நாயோட நிழல. கட்டையா இருந்தது நெட்டையாப் போச்சே."

"சினிமால நிழலயெல்லாம் கம்ப்யூட்டர்ல வரைவாங்களாம்."

"நாக்குல நீலமும் கம்ப்யூட்டர்தானா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள். "என் தம்பி எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாங்க. அவன் அன்னைக்கு அழுத அழுகைய நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

அதோடு பேச்சு முடிந்தது. பஞ்சர்க்காரருக்கோ அங்கேதான் ஆரம்பித்தது. அவன் வாயாலேயே அவன் அக்காவிடம் உண்மையைச் சொல்ல வைக்க வேண்டும். அதற்கு முன்னால், யார் முன்னால் அவன் நிமிர்ந்து நிற்கிறானோ அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே அவன் முகத்தில் கரி பூச வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் அவருக்குச் சோறு இறங்காது என்று முடிவு செய்தார். அன்றிரவு இரண்டு தட்டு இறங்கியது வேறு விஷயம்.

கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதற்குப் பின்னால் ஒரு அறை, அதற்குப் பின்னால் நாய். இதுதான் வீடு. முன்னால் கம்ப்ரஸரும், ட்யூபை முக்கி ஓட்டை பார்க்கிற தண்ணீர்த் தொட்டியும். நடு அறையில் தையல் மெஷின். கொல்லையில் ஊசியின் மகள். ஊசியின் மகளுக்கு நூலு என்றல்லாமல் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

கொல்லைக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. அங்கே ஒரு சைக்கிள் தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கும். பின்சக்கரத்தில் டயர் கிடையாது. பெடலைக் கையால் சுற்றினால் வெறும் ரிம்மில் நைலான் கயிறு சுற்றிக்கொண்டே வரும். கயிற்றின் மறுமுனையில் கட்டிய கந்தல் துள்ளித் துள்ளி ஓடி வரும். அதுதான் பொய்முயல். நிஜ முயலைத் தொட்டால் ஜெயில் என்று ஆனபிறகு இந்த ஜாதி நாய்களுக்கு வாய்த்த வேட்டை இவ்வளவுதான். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஓட்டம் முடிந்ததும் கந்தலை நாயின் வாயில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அதற்கு வேட்டை முடிந்தது, போய்ப் படுத்துக்கொள்ளும். கொடுக்காமல் இழுத்துக்கொண்டே போனால் நாயும் ஓடிக்கொண்டே இருக்கும். களைப்பு என்று ஒன்று இருப்பது காலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. இது மச்சானுக்குத் தெரியாததல்ல. அவன் கையால் சுற்றிய சைக்கிள்தான் அது.

படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் சினிமா வீட்டுக்கு வந்தான். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி, கடை முன்னால் வண்டியை நிறுத்தினான்.

"காத்து அடிக்கணுமா?" என்றார் பஞ்சர்க்காரர்.

"மாமா, நான்தான்."

"தெரியுது. காத்து அடிக்கணுமான்னு கேட்டேன்."

அக்கா உள்ளேயிருந்து கையில் கத்தரிக்கோலோடு வந்தாள். தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "எளச்சுட்டியேடா" என்றாள். அவன் ஒரு சுற்று பெருத்திருந்தான்.

தேநீர் குடித்து முடிக்கும் வரை வானிலை பேசினார்கள். பிறகு அவன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இரண்டாம் பாகம் எடுக்கறாங்க மாமா. ஊசியோட மகளே வேணும்னு டைரக்டர் ஒத்தக்கால்ல நிக்கறாரு. அதே மூக்கு, அதே நிறம். நீங்க முடியாதுன்னா நான் புரிஞ்சுக்குவேன்."

கத்தரிக்கோல் அசையாமல் நின்றது.

"கூட்டிட்டுப் போ" என்றார் பஞ்சர்க்காரர்.

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள்.

"ஆனா நானும் வருவேன். பழக்கறதும் நானே பழக்கித் தர்றேன். உங்க பாஷையில என்ன சொன்னா ஓடணும், என்ன சொன்னா நிக்கணும்?"

"ஆக்ஷன்னா ஓடணும் மாமா. கட்டுனா நிக்கணும்."

"அவ்வளவுதானே. பேஷாச் செஞ்சிரலாம்."

மச்சான் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பஞ்சர்க்காரரும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் கை. மச்சானின் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது முன்பணம் மாதிரி இருந்தது அவருக்கு.

மறுநாளே பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. கண்ணை நம்புகிற நாய்க்குக் கண்ணால்தான் பாடம். பொய்முயல் முழு வேகத்தில் ஓடும்போது "ஆக்ஷன்" என்று கத்தி, சக்கரத்தைச் சட்டென்று பிடித்து நிறுத்துவார். அசைவு நின்றால் இந்த ஜாதிக்கு உலகமே விளக்கணைந்த மாதிரி. நூலு திகைத்து நிற்பாள். முதுகை அழுத்திப் படுக்க வைத்து ஒரு துண்டு கறி கொடுப்பார். பிறகு "கட்" என்று கத்துவார், சக்கரம் சுற்றும், நூலு அம்பாகப் பாய்வாள். வாரங்கள் போனதும் சக்கரத்தை நிறுத்தவே தேவையில்லாமல் போனது. கந்தல் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தாலும் "ஆக்ஷன்" என்ற சொல் காதில் விழுந்தால் ஓட்டத்தின் நடுவிலேயே தொப்பென்று படுத்தாள். "கட்" என்றால் தூக்கத்திலிருந்தே எழுந்து ஓடினாள். பஞ்சர்க்காரர் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்ததில்லை. ஒட்டிய பஞ்சர்களில் பாதி அடுத்த தெருவிலேயே திறந்துகொள்ளும் என்பது ஊரறிந்தது.

மனைவி ஒருநாள் துணி உலர்த்த வந்தவள் நின்று பார்த்தாள். "ஏங்க, ஆக்ஷன்னா ஓடணும்னுதானே அவன் சொன்னான்?"

"அது பழைய முறை. இப்ப மாத்திட்டாங்களாம்."

"யாரு?"

"சினிமாக்காரங்க. அவங்க நிமிஷத்துக்கு ஒண்ணு மாத்துவாங்க."

அவள் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். பிறகு துணியைப் போட்டாள். பொய் சொல்வது இவ்வளவு எளிது என்று அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் மச்சான் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது. அந்தக் கோபத்தின் ஒரு பங்கு தன் மேல் என்பதை அவர் கவனிக்கவில்லை.

படப்பிடிப்பு ஒரு காய்ந்த ஏரியில். குடைகள், பெட்டிகள், வெளிச்சத்தைத் திருப்புகிற பெரிய வெள்ளைப் பலகைகள். டைரக்டர் குரல் உயராத மனிதர். கோபம் வந்தால் "கண்ணா" என்பார், அதிகம் வந்தால் "தங்கம்" என்பார். மச்சான் அவரிடம் பஞ்சர்க்காரரை அறிமுகப்படுத்தினான்.

"எங்க மாமா சார். நாய் விஷயத்துல எனக்குக் குரு."

"அப்படியா. உங்க ஊசிதான் சார் எங்க படத்தோட உயிர்" என்றார் டைரக்டர்.

"ஆமா சார்" என்றார் பஞ்சர்க்காரர். "அது உங்ககிட்டதான் இருக்கு."

டைரக்டர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மச்சான் நூலுவைக் கழுத்துப் பட்டையில் பிடித்து நின்றான். தூரத்தில் ஓர் ஆள் சைக்கிளைச் சுற்றத் தயாராக உட்கார்ந்தான். பஞ்சர்க்காரர் குடையடியில் நாற்காலி போட்டுக் கையில் தேநீரோடு சாய்ந்தார்.

"ஆக்ஷன்" என்றது மைக்.

மச்சான் பட்டையை விட்டான். நூலு அழகாக முன்னங்கால்களை நீட்டி, தாடையை அதன்மேல் வைத்துப் படுத்துக்கொண்டாள்.

யாரோ சிரித்தார்கள். மச்சான் குனிந்து, "எழுந்திரும்மா, எழுந்திரு" என்று கெஞ்சிப் பட்டையை மறுபடி பிடித்தான். "கட்" என்றது மைக். நூலு பாய்ந்தாள். பட்டையோடு மச்சான் முகங்குப்புறப் போய்ப் புழுதியில் விழுந்தான். இப்போது எல்லாரும் சிரித்தார்கள், குடை பிடிக்கிறவர் உட்பட.

தேநீரில் சர்க்கரை போட மறந்திருந்தார்கள். ஆனாலும் இனித்தது.

மறுபடி ஆக்ஷன். மறுபடி படுக்கை. "கண்ணா, இது வேட்டை நாயா, வீட்டுத் தலகாணியா?" என்றார் டைரக்டர். மறுபடி. "தங்கம், உனக்கு வேற வேலை ஏதாவது தெரியுமா?" மச்சான் முகத்தில் புழுதியும் வியர்வையும் சேர்ந்து சேறாகியிருந்தது. அவன் குடைப்பக்கம் திரும்பிப் பார்த்தான், சின்ன வயதில் ட்யூபில் ஓட்டை கிடைக்காமல் திரும்பிப் பார்ப்பானே, அப்படி. பஞ்சர்க்காரர் டம்ளருக்குள் பார்த்தார்.

அடுத்த தடவை நூலு படுத்ததும் மச்சான் பட்டையைப் பிடிக்கவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். அந்த நேரம் பார்த்துக் காற்று எழும்பியது. பெட்டி மூடிய வெள்ளை பாலிதீன் தாள் ஒன்று பிய்ந்து, தரையைத் தொட்டும் தொடாமலும் ஏரிக்குள் துள்ளிப் போனது.

"கட்" என்றார் டைரக்டர்.

நூலு எழுந்தாள். வெள்ளையாய் ஒன்று ஓடுவதைப் பார்த்தாள். போனாள். அவளைப் போல் ஓடுகிற ஒன்றை அதுவரை அந்த ஏரி பார்த்திருக்காது.

"கட், கட்" என்றது மைக். நூலு வேகம் கூட்டினாள். தாள் திரும்பியது, அவளும் திரும்பினாள். அதைச் சுற்றுகிற கை எதுவும் கிடையாது, அதனால் நிறுத்துகிற கையும் கிடையாது. ஆட்கள் நாலுபக்கமும் ஓடிக்கொண்டு "கட்", "கட்" என்று கத்தினார்கள். நூலுவின் காதுக்கு, எல்லாரும் சேர்ந்து ஓடு ஓடு என்று விரட்டினார்கள். முதல் சுற்றில் பஞ்சர்க்காரர் சிரித்தார். இரண்டாவது சுற்றில் வாய் திறந்தபடி இருந்தது, சிரிப்பு இல்லை. அடுத்த தடவை நூலு குடையைத் தாண்டிப் போனபோது பின்னங்கால்கள் ஒன்றோடொன்று தட்டியது கேட்டது. திரையில் சத்தமில்லாமல் பார்த்தது. நிஜத்தில் அதற்குச் சத்தம் உண்டு.

டம்ளர் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. ஓடிப்போய் டைரக்டர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"ஆக்ஷன்" என்று கத்தினார். குரல் உடைந்தது. "ஆக்ஷன்டீ, ஆக்ஷன்."

ஏரியின் நடுவில் நூலு தொப்பென்று படுத்தாள். தாள் தன்பாட்டுக்குப் போனது.

நாயைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் மனிதர்களுக்குப் புரிகிறது. ஆனால் புரிந்துவிட்டது. மச்சான்தான் முதலில் ஓடினான். கேன் தண்ணீரை அவள் வயிற்றிலும் பாதத்திலும் ஊற்றினான். பஞ்சர்க்காரர் போய்ச் சேர்ந்தபோது அவன் நூலுவின் நெஞ்சில் காதை வைத்துக் கிடந்தான்.

"அடிக்குது மாமா. ஒழுங்கா அடிக்குது."

பஞ்சர்க்காரர் மண்ணில் உட்கார்ந்தார்.

"ஆக்ஷன்னா படுக்கணும்னு நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"என்னை அசிங்கப்படுத்தவா?"

"ஆமா."

"இவ செத்திருந்தா?"

அவர் நூலுவின் காதிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"நிழலப் பாத்தேன்டா" என்றார் அவர். "படத்துல. மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும்."

மச்சான் முகத்தைத் துடைத்தான். சேறு இன்னும் பரவியது. "ஒவ்வொரு தடவையும் கந்தல் ஃப்ரேம்ல தெரிஞ்சிருச்சுன்னு சொல்லி மறுபடி மறுபடி இழுக்கச் சொன்னாங்க. ஒருதடவகூட வாய்ல குடுக்கல. போதும் சார்னு சொல்ல வாயத் தொறந்தேன் மாமா. நெஜமாத் தொறந்தேன். சத்தம் வரல. அப்பதான் புதுசா வேலைக்குச் சேந்திருந்தேன்."

"எனக்கு மட்டும் இன்னைக்கு உடனே வந்துச்சா? ஒரு சுத்து சிரிச்சிட்டுத்தான் வந்துச்சு."

நிழல் அவர்கள்மேல் விழுந்தது. டைரக்டர். "நாய்க்கு ஒண்ணுமில்லையே? நல்லது. இப்ப ரகசியம் தெரிஞ்சு போச்சு, நான் வார்த்தைய மாத்திச் சொல்லிக்கறேன். வெளிச்சம் போறதுக்குள்ள இன்னொண்ணு போயிடலாமா கண்ணா?"

பஞ்சர்க்காரருக்கு நாக்கு நுனியில் நாலு வார்த்தை வந்து நின்றது. எல்லாம் அச்சில் ஏறாதவை. அவர் அதை விழுங்கிவிட்டு மச்சானைப் பார்த்தார். நீயே சொல்லு என்கிற பார்வை, உதவி செய்வதாக இல்லை. பழி என்று ஏதாவது மிச்சமிருந்தால் அது இந்தப் பார்வைதான்.

"ஓடாது சார்" என்றான் மச்சான். குரல் எலி மாதிரி இருந்தது. எழுந்து நின்றான். "இன்னைக்கும் ஓடாது. நாளைக்கும் ஓடாது."

"தங்கம், இது நீ முடிவு பண்ற விஷயமா?"

"ஆமா சார். பிராணிகளுக்கு நான்தான் பொறுப்பு."

அந்த நிமிடத்தோடு பொறுப்பு போய்விட்டது. கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிக் கொடுத்தான். கம்பெனி வண்டியின் சாவியையும் கொடுத்தான். பஞ்சர்க்காரரின் பழைய வண்டியில் மூன்று பேரும் ஏறினார்கள். நடுவில் நூலு, இருவர் மேலும் சாய்ந்துகொண்டு.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத" என்றார் பஞ்சர்க்காரர், சாலையைப் பார்த்தபடி.

"நினைக்கல மாமா."

"உங்க அக்காகிட்ட நீயே சொல்லணும். ஒரு வார்த்த விடாம."

"சொல்றேன். நீங்களும் சொல்லணும்."

"என்னத்த?"

"ஆக்ஷன் விஷயத்த."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "முதல்ல நீ சொல்லு" என்றார்.

பொழுது சாயும் நேரம் வீடு வந்தது. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி வாசற்படியில் நின்றபடியே சொன்னான். ஆரம்பத்தில் மெஷின் ஓடிக்கொண்டே கேட்டது. பிறகு நின்றது. அவன் உச்சிவெயிலில் ஆரம்பித்து, பட்டுப் போர்வையில் முடித்தான். அழுதான். பஞ்சர்க்காரருக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானே. ஆனால் அவன் அழுகை அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த வயசின் அழுகையாக இருந்தது. அவருக்குத் தாங்கவில்லை.

"சரி விடு. இன்னைக்கு அவன்தான் நம்ம நூலுவுக்காக வேலையவே விட்டுட்டு வந்திருக்கான்" என்று ஆரம்பித்து, அந்தப் பேச்சின் வேகத்தில் தன் பங்கையும் சொல்லிவிட்டார். ஆக்ஷன், கட், காற்று, பாலிதீன் எல்லாம். சொல்லி முடித்தபோது எதிர்த்தரப்புக்கு வக்கீலாக வந்து தானே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது தெரிந்தது.

அவள் எழுந்து வந்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"நீ அழுதத நம்பி இவர்கிட்டச் சண்ட போட்டேன்" என்றாள். "படம் பாத்துட்டு வந்த அன்னைக்கு நிழல நானும் பாத்தேன்டா. பாக்கலன்னு சொன்னேன். உனக்காக."

"அக்கா."

"பேசாத." புருஷன் பக்கம் திரும்பினாள். "சினிமாக்காரங்க மாத்திட்டாங்களாக்கும்."

"இல்லம்மா, அது வந்து..."

"நீங்களும் பேசாதீங்க. உங்க பழிக்கு என் நாய்தான் கிடைச்சுதா? ஒண்ண இவன் ஓடவிட்டான், மிச்சமிருந்த ஒண்ண நீங்க ஓடவிட்டீங்க. மாமனும் மச்சானும் நல்லாச் சேந்தீங்க."

குனிந்து நூலுவின் பாதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் தோல் உரிந்திருந்தது. முந்தானையால் ஒற்றினாள். பிறகு நூலுவை உள்ளே விட்டு, நடு அறைக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே நூலு தண்ணீர் நக்கிக் குடிக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

இருவரும் கடைக்குள் ஆளுக்கொரு டயர்மேல் உட்கார்ந்தார்கள். கதவைத் தட்டுகிற தைரியம் இருவருக்கும் இல்லை. யார் முதலில் தட்டுவது என்பதில் ஒரு சின்ன மௌனச் சண்டைகூட நடந்தது. மச்சான் சும்மா இருக்க முடியாமல் மூலையில் கிடந்த ட்யூப் ஒன்றை எடுத்துக் காற்றடித்துத் தொட்டியில் முக்கினான்.

ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். பின்சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. சாத்திய கதவையும் டயர்மேல் உட்கார்ந்திருந்த இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கடை இருக்குங்களா?"

"கடை இருக்குங்க" என்றார் பஞ்சர்க்காரர், எழுந்துகொண்டே. "வீடுதான் இல்ல."